நிலநடுக்க அளவு: முதல் எண் ஏன் மாறுகிறது?

நிலநடுக்கச் செய்தியில் முதலில் 7.9 என்று வந்த அளவு பிறகு 9 ஆகிவிடுகிறது. "எதுங்க சார் சரி?" என்று மாணவர் கேட்டால் என்ன சொல்வோம்?

நிலநடுக்கத்தில் முதன்மை அலை நொடிக்குச் சுமார் 6 கி.மீ. வேகத்தில் வரும், பெரும் சேதம் செய்யாது. கட்டடங்களை உலுக்கும் இரண்டாம் நிலை அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 3.5 கி.மீ. 210 கி.மீ. தொலைவிலுள்ள ஊரை முன்னது 35 நொடியிலும் பின்னது 60 நொடியிலும் எட்டும். மையத்துக்கு அருகிலுள்ள கருவி முதன்மை அலையை உணர்ந்ததும் தகவல் அனுப்பினால், அந்த ஊருக்குச் சில பத்து நொடிகள் கிடைக்கும். ரயிலின் வேகத்தைக் குறைக்கவும் மேசைக்கடியில் புகவும் அது உதவும்.

எவ்வளவு தொலைவு வரை எச்சரிப்பது? அதற்கு நிலநடுக்கத்தின் அளவு தெரிய வேண்டும். முதன்மை அலையின் முதல் சில நொடிகளில் நிலம் எவ்வளவு அசைந்தது, எவ்வளவு மெதுவாக அசைந்தது என்பதிலிருந்து அளவைக் கணிக்கிறார்கள். பெரிய நிலநடுக்கத்தில் அசைவு பெரிதாகவும் மெதுவாகவும் இருக்கும்.

சிக்கல் இங்கேதான். துணி கிழிவதுபோல, பாறைப் பிளவு ஓரிடத்தில் தொடங்கி நீள்கிறது. அது எங்கே நிற்கும் என்பது தொடக்கத்தில் தெரியாது. மேலும், விரைவுக் கணிப்பு முறைகள் சில, 8க்கு மேற்பட்ட நிலநடுக்கங்களைக் குறைத்தே காட்டும்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் இதுவே நடந்தது. பிற்பகல் 2.46க்கு நிலநடுக்கம்; 3 நிமிடத்தில் 7.9 என்ற கணிப்புடன் சுனாமி எச்சரிக்கை. இவாதே மாகாணத்துக்கு 3 மீட்டர் அலை என்று அறிவித்தார்கள். உண்மை அளவு 9.0. வித்தியாசம் 1.1 தானே என்று தோன்றும். ஆனால் அளவு 1 கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும், 1.1 கூடினால் 45 மடங்கு. வந்த அலை 3 மீட்டரை வெகுவாகத் தாண்டியது.

அதே இவாதேயின் கமாய்ஷி நகரில், கடலோர நடுநிலைப் பள்ளி மாணவர்கள் அதிர்வு நின்றதும் மேட்டை நோக்கி ஓடினார்கள். அதைப் பார்த்து அருகிலிருந்த தொடக்கப்பள்ளிக் குழந்தைகளும் சேர்ந்துகொண்டார்கள். முதலில் நின்ற இடம் போதாது என்று இன்னும் மேலே ஏறினார்கள், பிழைத்தார்கள். முன்கூட்டிய கணிப்பை அப்படியே நம்பியிருக்கக் கூடாது என்று அவர்களுக்குப் பள்ளியில் கற்பித்திருந்தார்கள்.

2013 முதல் ஜப்பானும், மிகப் பெரிய நிலநடுக்கம் என ஐயம் எழுந்தால், முதல் சுனாமி அறிவிப்பில் மீட்டர் கணக்கைத் தவிர்த்து, 'மிகப் பெரிய அலை' என்றே சொல்கிறது.

மாணவரின் கேள்விக்கு விடை இதுதான்: முதல் எண் விரைவுக்காக, பின்னது துல்லியத்துக்காக. எச்சரிக்கை வந்தால் சரியான எண்ணுக்காகக் காத்திராமல் உடனே பாதுகாப்பான இடத்துக்குச் செல்ல வேண்டும். அலை வேகக் கணக்கைக் கரும்பலகையில் போடும் அன்றே இதையும் சொல்லிவிடலாம்.