அரம் வாங்குவோர் அறியவேண்டுவன

கிராமக் கொல்லருக்குக் கருவியே முதல். அதனை வாங்குங்கால் விலையை மட்டும் நோக்குவதா, உழைப்பையும் நோக்குவதா என்பது அவருடைய வருவாயையே பொறுத்த கேள்வியாகும்.

அரம், கரிச்சத்து மிகுந்த எஃகினால் ஆனது. பற்களை வெட்டியபின் காய்ச்சித் தோய்த்து அதனைக் கடினப்படுத்துவர். நன்கு செய்த அரத்தில் இக்கடினம் ஒரே சீராக அமையும். தோய்ப்பில் குறையுள்ள மலிவான அரத்திலோ மென்மையான இடங்கள் இருக்கும். அங்கே பற்கள் விரைவில் மழுங்கும். மழுங்கிய அரம் வேலை நேரத்தை விழுங்கிவிடும்.

இரும்பறுக்கும் வாளின் அலகும் இத்தகையதே. சாதாரண எஃகு அலகு உராய்வுச் சூட்டில் கூர் இழக்கும். ஹைஸ்பீடு எஃகு ஏறத்தாழ 600 டிகிரி சென்டிகிரேடு வரை கடினம் குன்றாது. ஆயினும் முழுதும் கடினமான அலகு வளைந்தால் முறியும். ஆதலின் தொழில் பழகுவோருக்கு வளையக்கூடிய அலகே ஏற்றது.

சுத்தியல், இடுக்கி முதலியவற்றிற்கு மிகுந்த விலை கொடுக்க வேண்டுவதில்லை. திறமையுள்ள கொல்லர் அவற்றைத் தம் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். மிச்சமாகும் பணத்தை அரத்திற்கும் அலகிற்கும் செலவிடுதல் நலம்.

உயர்ந்த கருவியும் பேணாவிடில் கெடும். அரத்தை முன்னே தள்ளும்போதே அழுத்துக. பின்னே இழுக்கையில் தூக்கிவிடுக. பற்களிடையே அடைந்த துகளைக் கம்பித் தூரிகையால் நீக்குக. அரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்தல் தகாது.

ஐயமுள்ளோர் இருவகையிலும் ஒவ்வொன்று வாங்கி, மழுங்கும்வரை எத்தனை மண்வெட்டிகளைத் தீட்டின என்று குறித்து வைப்பாராக. விலையை அவ்வெண்ணால் வகுத்தால் எது மலிவு என்பது தானே விளங்கும்.