உங்களுக்குத் தெரியுமா? – சீட்டில் ஓர் எழுத்து

சிவகிரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ராஜபாளையத்துக்கோ தென்காசிக்கோ, கொஞ்சம் சிக்கல் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ எழுதிக்கொடுத்தால், நோயாளியோடு சீட்டும் பஸ் ஏறுகிறது. அதிலுள்ள எழுத்துகளை அங்கிருக்கும் டாக்டர் ஒரே பார்வையில் படித்துவிடுவார். நமக்குத்தான் அது கோழிக் கிறுக்கல். சில எழுத்துகளையாவது தெரிந்துவைத்துக்கொள்வோமே!

மருத்துவமனைச் சீட்டில் 'சி/ஓ' என்று இருந்தால், தபால் முகவரியில் வரும் 'கேர் ஆஃப்' அல்ல. நோயாளி சொல்லும் தொந்தரவு. அதற்கு முன்னால் ஒரு 'கே' சேர்ந்து 'கே/சி/ஓ' ஆகிவிட்டால், ஏற்கெனவே இருக்கிற நோய். 'கே/சி/ஓ டி.எம்.' என்றால் இவருக்குச் சர்க்கரை முன்பே உண்டு என்று பொருள்.

'எஸ்.ஓ.எஸ்.' என்று மாத்திரைக்குப் பக்கத்தில் எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். மூழ்கும் கப்பலின் அபயக்குரல் இல்லை அது. 'தேவைப்பட்டால் மட்டும் போடு' என்பதற்கான லத்தீன் சுருக்கம். காய்ச்சல் இல்லையென்றால் அந்த மாத்திரையும் இல்லை. 'ஓ.டி.' என்றால் ஒரு நாளைக்கு ஒரு வேளை, 'பி.டி.' இரு வேளை, 'டி.டி.எஸ்.' மூன்று வேளை, 'எச்.எஸ்.' படுக்கப்போகும்போது. ஆனால் கண் டாக்டர் சீட்டில் அதே 'ஓ.டி.' வலது கண்ணாகிவிடும்! மெடிக்கல்காரர் கவரில் 1-0-1 என்று எழுதித் தருவது இந்த வம்பெல்லாம் இல்லாத முறை. யார் ஆரம்பித்தார்களோ, நல்ல காரியம் செய்தார்கள்.

இன்சுலின் போடுகிறவர் வீட்டில் இருந்தால் இதை இரண்டு முறை படியுங்கள். மருந்துக் குப்பியிலும் ஊசியிலும் 'யூ-40', 'யூ-100' என்று இருக்கும். ஒரு மில்லியில் எத்தனை யூனிட் மருந்து என்பதுதான் அந்த எண். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 40. அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100. 100க்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. மாற்றி எடுத்தால் என்ன ஆகும்? யூ-100 மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 20 அல்ல, 50 யூனிட். சர்க்கரை தடாலென்று இறங்கி ஆளே மயங்கிவிடலாம். தலைகீழாக, யூ-40 மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் 20 கோடு வரை எடுத்தால் போவது வெறும் 8 யூனிட். 'ஊசி போட்டும் சர்க்கரை குறையவே மாட்டேங்குது' என்று புலம்புகிறவர்கள் முதலில் மூடியின் நிறத்தைப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் குப்பி கொண்டுவந்து தந்தால் அதன் எண்ணைப் பார்க்காமல் போடவே கூடாது.

அந்த 'யூ' இன்னொரு வில்லங்கமும் செய்யும். அவசரக் கையெழுத்தில் '4யூ' என்பதன் 'யூ' சுழியம் போல விழுந்து 40 ஆகிவிடுவதுண்டு. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு 2004இல் எழுதக்கூடாத சுருக்கங்களைப் பட்டியல் போட்டபோது 'யூ'வும் அதில் இருந்தது. 'யூனிட்' என்று முழுசாக எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

மாத்திரை அட்டையின் இடது மூலையில் 'ஆர்எக்ஸ்' குறி இருந்தால் அது எச் பட்டியல் மருந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது. அதே குறி சிவப்பாக இருந்து, எச்சரிக்கை வாசகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டமும் இருந்தால் எச்1. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தப் பட்டியலில் வலுவான சில ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் உண்டு. எச்1 மருந்து விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 'அண்ணாச்சி, போன தடவை குடுத்தீங்களே, அதையே குடுங்க' என்று கேட்கும்போது அவர் சீட்டு கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கிராம சுகாதார செவிலியர் தாய்மார் புத்தகத்தில் 'ஜி2 பி1 எல்1' என்று எழுதியிருப்பார். ஜி, இது எத்தனையாவது கர்ப்பம். பி, எத்தனை பிரசவம் ஆகியிருக்கிறது. எல், உயிரோடு இருக்கும் பிள்ளைகள். ஆக, இரண்டாவது கர்ப்பம், ஒரு பிரசவம், ஒரு பிள்ளை. 'ஏ1' என்று இருந்துவிட்டால்தான் வீட்டில் கசமுசா. ஏ என்பது 'அபார்ஷன்'. மருத்துவக் கணக்கில் தானாகக் கலைந்ததும் அதில்தான் சேரும். மாமியார்கள் கவனிக்க.

கர்ப்பிணிக்கு முன்பு போட்டது டி.டி. ஊசி, இப்போது போடுவது 'டிடி' என்றே உச்சரித்தாலும் வேறு. ஆங்கிலத்தில் முதல் எழுத்து பெரியது, இரண்டாவது சின்னது. பெரிய எழுத்து ரணஜன்னி மருந்து முழு அளவில் இருப்பதைச் சொல்கிறது. சின்ன எழுத்து தொண்டை அடைப்பான் மருந்து குறைந்த அளவில் சேர்ந்திருப்பதைச் சொல்கிறது.

டெங்கு ரிப்போர்ட்டில் 'என்.எஸ்.1' பாசிட்டிவ் என்றால் காய்ச்சலின் முதல் சில நாட்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருள் ஏறக்குறைய ஐந்தாம் நாளில்தான் தலைகாட்டும். அதனால் இரண்டாம் நாளில் ஐஜிஎம் மட்டும் பார்த்துவிட்டு 'நெகட்டிவ், டெங்கு இல்லை' என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ரத்தப் பிரிவுகளுக்கு 1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வைத்த பெயர்கள் ஏ, பி, சி. அந்த 'சி'தான் பின்னால் 'ஓ' ஆனது. ஓ பிரிவு போலவே தோன்றி, ஓ ரத்தம்கூடச் சேராத ஒரு பிரிவும் உண்டு. 1952இல் மும்பையில் மருத்துவர் பெண்டேயின் குழு அறிவித்ததால் 'பாம்பே பிரிவு' என்றே உலகம் முழுக்க அதற்குப் பெயர். அந்தப் பிரிவுக்காரருக்கு அதே பிரிவுக்காரர்தான் ரத்தம் தர முடியும்.

ஈ.சி.ஜி. அலைகள் ஏன் ஏ-யில் தொடங்காமல் பி, க்யூ, ஆர், எஸ், டி என்று நடுவில் தொடங்குகின்றன? டச்சு விஞ்ஞானி ஐந்தோவன், கருவி காட்டிய அலைகளுக்கு முதலில் ஏ, பி, சி, டி என்றுதான் வைத்தார். கணக்குப் போட்டுத் திருத்திய அலைகளைப் பிரித்துக் காட்ட வேறு எழுத்துகள் தேவைப்பட்டன; பி, க்யூ, ஆர் எல்லாம் வந்தது அப்படித்தான்.

பிறந்த குழந்தையின் தொடையில் போடும் 'கே' ஊசி, ரத்தக் கசிவைத் தடுக்கும் வைட்டமின். கே, 'உறைதல்' என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. ஈ-க்கும் கே-க்கும் நடுவில் இருந்த வைட்டமின்கள் எங்கே போயின? சிலவற்றுக்குப் பெயர் மாறிவிட்டது. ஜி இப்போது பி2. எச் இப்போது பி7, அதாவது பயோட்டின்.