ஒன்பதாம் வகுப்புப் பதிவேடும் அமெரிக்க வாலிபால் களமும்

வாலிபால் பிறந்த நாடு அமெரிக்கா. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக் நகரில், ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன் 1895இல் இந்த விளையாட்டை உருவாக்கினார். இன்று அந்நாட்டில் இதற்குப் பெரும் கூட்டம் சேர்வது பல்கலைக்கழகங்களில்தான். 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக்கழக மாணவியர் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பார்க்க 92,003 பேர் கூடினார்கள்.

அந்த ஆட்டத்தின் காணொளியைப் பார்த்துவிட்டு எங்கள் பள்ளி அணியில் ஆடும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “டீச்சர், வெளிநாட்டுப் பிள்ளைங்களும் அங்க போய் ஆட முடியுமா?” என்று கேட்டாள். எங்கள் உடற்கல்வி ஆசிரியரும் நானும் அங்குள்ள விதிகளைத் தேடிப் படித்தோம். முடியும் என்பதே பதில். அதற்கான தகுதிச் சோதனை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது என்பதும் அப்போது புரிந்தது. அதில் ஆசிரியர்களாகிய நமக்கு உள்ள பங்கை விளக்கவே இந்தக் கட்டுரை.

யாருக்கு எவ்வளவு வாய்ப்பு?

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டின் பெரும்பகுதியை நடத்துவது என்.சி.ஏ.ஏ. என்னும் அமைப்பு. அதில் மூன்று பிரிவுகள் உண்டு. முதல் இரண்டு பிரிவுகளில் விளையாட்டுக்காகக் கல்வி உதவித்தொகை தரலாம். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் உரிய உதவி மட்டுமே உண்டு.

முதல் பிரிவில் மட்டும் 300க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் மகளிர் வாலிபால் அணி இருக்கிறது. ஆண்கள் அணிகள் ஏறக்குறைய அதில் பத்தில் ஒரு பங்குதான். கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டம் இதற்கு முக்கியக் காரணம். அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றே ஏராளமான ஆண்களுக்கு இடம் கொடுத்துவிடுவதால், அதை ஈடுசெய்யப் பல்கலைக்கழகங்கள் மகளிர் அணிகளைப் பெருக்கின. ஆகவே நம் மாணவர்களை விட மாணவிகளுக்கே அங்கு வாய்ப்பு அதிகம்.

ஆண்களுக்கு வழியே இல்லை என்பதல்ல. ஹவாய் பல்கலைக்கழக ஆண்கள் அணி 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தேசியப் பட்டம் வென்றது. முதல் பட்டத்தில் பல்கேரியாவின் ராடோ பரபுனோவும், அடுத்ததில் நார்வேயின் யாக்கோப் தெல்லேவும் முன்னின்று ஆடினார்கள். இருவருமே அங்கு படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்கள்.

உயரம் குறைந்த பிள்ளைக்கு இடம் உண்டா?

உலகப் போட்டிகளில் ஒரு செட்டுக்கு ஓர் அணி 6 முறைதான் ஆள் மாற்றலாம். அமெரிக்கப் பல்கலைக்கழக மகளிர் ஆட்டத்தில் 15 முறை மாற்றலாம். அதனால் சர்வீஸ் போடுவதற்கும் பின்வரிசையில் பந்தைத் தூக்குவதற்கும் மட்டும் தேர்ந்தவர்களைப் பயிற்சியாளர்கள் அணியில் வைத்திருக்கிறார்கள். லிபரோவும் இருக்கிறார். வலைக்கு மேல் எழும்பி அடிக்க முடியாத பிள்ளைக்கும் அணியில் வேலை இருக்கிறது. கேள்வி கேட்ட எங்கள் மாணவியும் பின்வரிசை ஆட்டக்காரிதான்.

மதிப்பெண் என்னும் முதல் தடை

முதல் பிரிவில் ஆட 16 அடிப்படைப் பாட அலகுகள் தேவை. ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, சமூக அறிவியல் 2, இம்மூன்றில் (ஆங்கிலம், கணிதம், அறிவியல்) ஏதேனும் ஒன்றில் கூடுதலாக 1, பிற 4. ஓர் அலகு என்பது ஓராண்டுப் படிப்பு. இவற்றின் சராசரி 4 புள்ளிக்கு 2.3 இருக்க வேண்டும். இரண்டாம் பிரிவுக்கு 2.2. நம் மதிப்பெண்களை அவர்களே தங்கள் அளவுக்கு மாற்றிக் கணக்கிடுவார்கள்.

இந்தக் கணக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை மாணவர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பள்ளியின் தேர்ச்சிப் பதிவேட்டில்தான் இருக்கும். நான்கு ஆண்டு கழித்து ஒரு மாணவி வந்து கேட்டால், அதை ஆங்கிலத்தில் எழுதித் தலைமையாசிரியர் கையொப்பத்துடன் கொடுக்கும் நிலையில் நாம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்துக்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு தேவைப்படும்.

பதினோராம் வகுப்பில் பிரிவு தேர்ந்தெடுக்கும்போது, கணிதம் உள்ள பிரிவா, இல்லாததா என்பதையும் இப்படிப்பட்ட மாணவியோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

பரிசுப் பணமும் கிளப் ஆட்டமும்

ஊர்த் திருவிழாப் போட்டிகளில் ரொக்கப் பரிசு தருவது நமக்குப் பழகிய வழக்கம். என்.சி.ஏ.ஏ. தகுதி விண்ணப்பத்தில், எந்தெந்தப் போட்டியில் ஆடினாய், என்ன பணம் பெற்றாய், எந்த அணிக்காக ஆடினாய் என்று கேட்கிறார்கள். 2002இல் ஹவாய் ஆண்கள் அணி வென்ற தேசியப் பட்டம் பின்னர் பறிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு வீரர், அதற்கு முன் தன் நாட்டில் தொழில்முறை அணியில் இருந்ததே காரணம். பணம் பற்றிய விதிகள் அண்மை ஆண்டுகளில் மாறிவருகின்றன. ஆனால் மறைக்கக் கூடாது என்பது மாறவில்லை. போட்டியின் பெயர், தேதி, பெற்ற தொகை, அது பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் செலவானதா என்பதை ஒரு நோட்டில் எழுதிவைக்கப் பழக்குவது நல்லது.

பெயரும் தலைப்பெழுத்தும்

நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, சொந்தப் பெயருக்குரிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சிடுகிறார்கள். பெயர் தெரியவில்லை என்று பொருள்! பிறகு ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ், மதிப்பெண் சான்றிதழ் நான்கிலும் ஆங்கில எழுத்துகள் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று ஒன்பதாம் வகுப்பிலேயே பார்த்துவிட்டால், திருத்தம் எளிது.

அங்கே போன பிறகு

ஆட்டக்காரர்களும் முழுநேர மாணவர்களே. ஒரு பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும். மாணவர் விசாவும் அதையே கேட்கிறது. போட்டிக் காலத்தில் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் ஓய்வு தர வேண்டும். முதல் பிரிவில், பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு முடிவில் 40 விழுக்காடும், மூன்றாம் ஆண்டில் 60 விழுக்காடும், நான்காம் ஆண்டில் 80 விழுக்காடும் முடித்திருந்தால்தான் தொடர்ந்து ஆட முடியும்.

இதையெல்லாம் சொன்னபோது அந்த மாணவியின் அப்பா கேட்டது ஒன்றுதான். “விளையாடுறப்ப கால் ஒடஞ்சா படிப்பும் போயிடுமா டீச்சர்?” கட்டட வேலைக்குப் போகிறவர் அவர். அடிபட்டால் கூலி நின்றுவிடும் என்பது அவர் அறிந்த நடைமுறை. இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை இருக்கிறது. 2024 ஆகஸ்ட் முதல், முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்கள் காயத்தையோ ஆட்டத் திறனையோ காரணம் காட்டி விளையாட்டு உதவித்தொகையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு, கல்லூரியை விட்ட பின்னும் குறைந்தது 2 ஆண்டுகள் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். இதைக் கேட்ட பிறகுதான் அவர் மற்றவற்றைப் பேசத் தொடங்கினார்.

உதவித்தொகை எல்லாருக்கும் முழுமையாகக் கிடைப்பதில்லை என்பதையும் அவரிடம் சொன்னோம். முழு உதவி இல்லையென்றால், முதல் ஆண்டுச் செலவுக்குக் குடும்பத்திடம் பணம் இருப்பதைக் காட்டினால்தான் விசாவுக்கு வேண்டிய ஐ-20 படிவம் கிடைக்கும். மாணவர் விசாவில் வளாகத்துக்கு வெளியே அனுமதியின்றி வேலை செய்ய முடியாது. “இடம் வாங்கித் தருகிறேன்” என்று முன்பணம் கேட்பவரிடம் குடும்பம் சிக்கிவிடாமல் இருக்க இந்த உண்மைகள் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியாளர்களுக்கு மாணவியே மின்னஞ்சல் அனுப்பலாம். அதற்குக் கட்டணம் இல்லை. முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் பத்தாம் வகுப்பு முடிந்த ஆண்டின் ஜூன் 15 முதல் பதில் எழுதலாம்.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

1. மாவட்ட அளவில் ஆடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு தொடங்கலாம்: மதிப்பெண் நகல், போட்டிச் சான்றிதழ்கள், பரிசு விவர நோட்டு.

2. ஒரு செட் முழுவதையும் வெட்டாமல் கைப்பேசியில் பதிவுசெய்து தேதியோடு சேமிக்கலாம். நல்ல அடிகளை மட்டும் தொகுத்த காணொளியில், தவறவிட்ட பந்துக்குப் பின் ஆட்டக்காரி எப்படி நிற்கிறாள் என்பது தெரியாது.

3. பயிற்சியாளருக்கு எழுதும் கடிதத்தை ஆங்கில வகுப்பின் கடிதப் பயிற்சியாகவே கொடுக்கலாம். பெயர், வகுப்பு, உயரம், ஆடும் இடம், மதிப்பெண், காணொளி இணைப்பு என்று பத்து வரி போதும்.

4. போட்டிக்குப் போன நாட்களின் பாடத்தை ஈடுசெய்ய, உடற்கல்வி ஆசிரியரும் வகுப்பாசிரியரும் சேர்ந்து நேரம் ஒதுக்கலாம்.

கடல் கடந்து ஆடப் போகிறவர்கள் சிலராகத்தான் இருப்பார்கள். ஆனால் இதே கோப்பு உள்ளூர்க் கல்லூரியின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் வேலைவாய்ப்புக்கும் பயன்படும். எங்கள் மாணவி இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கிறாள். அவளுடைய கோப்பில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், தலைமையாசிரியர் கையொப்பத்துடன் ஆங்கிலத்தில் தயாராக இருக்கிறது. ஓர் இடைவேளை நேரத்தில் முடிந்த வேலை அது.