கண்காணியும் ஆரோக்கியமான உபதேசமும்: இலண்டன் தமிழ்ச் சபைகள் கேட்க வேண்டிய கேள்விகள்

ஞாயிறு பிற்பகல் ஈஸ்ட்ஹாமிலோ வெம்பிளியிலோ ஹரோவிலோ ஒரு பழைய ஆங்கிலத் தேவாலயத்தின் பக்கக் கதவால் நுழைந்தால் தமிழ்ப் பாட்டுச் சத்தம் கேட்கும். காலையில் ஆங்கிலேயர் ஆராதித்துவிட்டுப் போன மண்டபத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, கீபோர்டைப் பூட்டி, கதிரைகளை அடுக்கி நம்மவர்கள் நடத்தும் சபைகள் இவை. 1983க்குப் பின் இங்கு வந்து சேர்ந்தவர்களில் பலருக்கு இந்தச் சபைதான் முதல் உறவு வீடாக இருந்தது. போதகர் பிரசங்கம் மட்டும் செய்யவில்லை. உள்துறை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார், வேலை தேடிக் கொடுத்தார், வைத்தியரிடம் மொழிபெயர்த்தார், பிள்ளைகளுக்குக் கலியாணமும் பேசினார்.

பெரும்பாலானோர் அதை அன்போடும் நேர்மையோடும் செய்தார்கள். ஆனால் ஒருவரின் வதிவிட உரிமையும் வேலையும் நற்பெயரும் இன்னொருவரின் கையெழுத்தில் தங்கியிருக்கும்போது, அந்த இன்னொருவர் தவறினால் யார் வாய் திறப்பது? போதகரின் குணநலனைப் பற்றி நாம் பேசுவதை வம்பு என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் பலமுறை வாசித்திருப்போம். சபைத் தலைவருக்குரிய தகுதிகளாக ஏறக்குறைய பதினைந்தை அங்கே அடுக்குகிறார். அவற்றில் திறமை என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று, கற்பிக்கும் ஆற்றல். மற்றவையெல்லாம் குணம்: குடிக்கு அடிமையாகாதவர், சண்டைக்குப் போகாதவர், பண ஆசை இல்லாதவர், விருந்தினரை ஏற்பவர், சொந்த வீட்டை ஒழுங்காக நடத்துபவர், சபைக்கு வெளியே உள்ளவர்களிடமும் நல்ல பெயர் உள்ளவர். குரல்வளமோ, கூட்டம் சேர்க்கும் வல்லமையோ, அற்புதம் செய்வதோ பட்டியலில் இல்லை. ஆனால் நாம் ஒரு போதகரைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, 'நல்லாப் பிரசங்கம் பண்ணுவாரோ?' என்பதாகத்தான் இருக்கிறது.

இந்தப் பதவிக்கு நமது பழைய தமிழ் வேதாகமம் வைத்திருக்கும் சொல் 'கண்காணி'. மேலிருந்து பார்த்துக் காப்பவர் என்ற கிரேக்கச் சொல்லுக்கு அது பொருத்தமான மொழிபெயர்ப்புத்தான். ஆனால் மலையகத்திலிருந்து வந்தவர்களின் காதில் அந்தச் சொல் வேறு விதமாக விழும். தோட்டக் கண்காணி தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தவர், முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டி வைத்தவர், வேலைக்கு இறங்கிய தலைகளை எண்ணித் தலைக்காசு வாங்கியவர். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று இருபக்கமும் தவிர்க்க முடியாதவராக ஆனவர். ஒரே சொல்லுக்குள் இரண்டு கண்காணிகள் இருக்கிறார்கள். நமது போதகர் இவர்களில் எவர் என்று ஒவ்வொரு சபையும் தன்னைக் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது உபதேசம். ஆங்கிலத்தில் பொதுவாகச் சரியான போதனை என்ற பொருளில் வரும் இடத்தில் நமது வேதாகமம் 'ஆரோக்கியமான உபதேசம்' என்கிறது. இது மூலத்துக்கு மிக நெருக்கமானது. பவுல் பாவிக்கும் கிரேக்கச் சொல் உடல்நலத்தைக் குறிப்பது. ஆங்கிலத்தில் சுகாதாரத்தைக் குறிக்கும் 'ஹைஜீன்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். கெட்ட போதனையை அவர் அரிபிளவைக்கு ஒப்பிடுவதும் அதே வைத்தியப் பேச்சு. அப்படியானால் ஒரு போதனை வசனப்படி வந்ததா என்று பார்ப்பதோடு, அதைக் கேட்டு வாழ்பவர்கள் நலமாக இருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டும் பிரிந்தால் என்ன நடக்கும் என்பதை இங்கிலாந்து அண்மையில் பார்த்தது. ஜோன் ஸ்மித் குருவானவர் அல்ல. பெயர்பெற்ற பரிஸ்டர், சபையில் மதிக்கப்பட்ட பொதுநிலைத் தலைவர். உயர்குடிப் பாடசாலைகளின் பையன்களுக்காக நடத்தப்பட்ட ஐவேர்ன் முகாம்களில் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் செல்வாக்குடன் இருந்தார். வின்செஸ்டரிலுள்ள தன் வீட்டுத் தோட்டக் கொட்டகையில் அந்த இளைஞர்களை இரத்தம் வரப் பிரம்பால் அடித்தார். பரிசுத்தம், பாவத்துக்கான சிட்சை என்று அதற்கு வேத விளக்கமும் வைத்திருந்தார். 1982இல் ஓர் அறிக்கை எழுதப்பட்டது. அது ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே நின்றது, பொலிசுக்குப் போகவில்லை. ஊழியத்துக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்ற எண்ணமே மேலோங்கியது. அவர் 1984இல் சிம்பாப்வேக்குப் போய் அங்கும் முகாம் நடத்தினார். அங்கு நடந்த முகாம் ஒன்றில் 1992இல் 16 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். 2017இல் சனல் 4 செய்தி இதை வெளிப்படுத்தியது. 2018இல் கேப்டவுனில் ஸ்மித் இறந்தபோது எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டித்திருக்கவில்லை.

2024 நவம்பர் 7இல் வெளியான மேக்கின் அறிக்கை, பாதிக்கப்பட்டவர்கள் நூறுக்கும் மேற்பட்டவர்கள் என்றது. 2013இலேயே திருச்சபையின் மேல்மட்டத்துக்குத் தெரிந்தும் உரியது செய்யப்படவில்லை என்றும் சொன்னது. ஐந்து நாட்களில், நவம்பர் 12இல், கன்ரபரிப் பேராயர் ஜஸ்ரின் வெல்பி பதவி விலகுவதாக அறிவித்தார். அடித்தவர் அவர் அல்ல. தெரிந்த பின் போதிய அளவு செய்யவில்லை என்பதே அவர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு. (அடுத்த பேராயராக 2025 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட அப்போதைய இலண்டன் பேராயர் சாரா முல்லாலி முன்பு தாதியாக இருந்தவர். ஆரோக்கியம் என்ற சொல் அவருக்குப் புதிதல்ல.)

'அது ஆங்கிலேயரின் சபை, எங்களுக்கென்ன' என்று சொல்லிவிட முடியாது. அங்கே பேராயர் இருந்தார், விசாரணை நடந்தது, அறிக்கையும் வந்தது. வாடகை மண்டபத்தில் கூடும் சுயாதீனச் சபையில் போதகருக்கு மேலே யாரும் இல்லாமல் இருக்கலாம். 2020இல் கொரோனா பரவிய நாட்களில் தென் இலண்டன் காம்பர்வெல்லில் ஒரு சுயாதீனச் சபையின் தலைவர் எண்ணெயும் சிவப்பு நூலும் கொண்ட பொதியை, தொற்றிலிருந்து காக்கும் என்று சொல்லி 91 பவுண்ஸுக்கு விற்றார். 2022 டிசம்பரில் நீதிமன்றம் அவரை மோசடிக் குற்றவாளியாகக் கண்டது. அந்தச் சபை நம்மவருடையதல்ல. ஆனால் எண்ணெய்ப் போத்தலும் காணிக்கை உறையும் நமக்கும் தெரிந்தவைதானே.

கேள்வி கேட்பவரின் வாயை அடைக்க நம்மிடம் ஒரு வசனம் எப்போதும் தயாராக இருக்கிறது: அபிஷேகம் பெற்றவரைத் தொடக்கூடாது என்பது. அது 105ஆம் சங்கீதத்தில் வருகிறது. அதன் முன்வசனங்களை யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. சொந்த நிலமின்றி, சிறு கூட்டமாக, நாடு விட்டு நாடு அலைந்த ஆபிரகாம் குடும்பத்தாரைத் தொடக்கூடாது என்று கடவுள் அரசர்களை எச்சரிக்கும் இடம் அது. அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் அகதிகள். அதிகாரத்தில் இருந்தவர்களே எச்சரிக்கப்பட்டவர்கள். அகதியாக வந்த ஒரு விசுவாசியை அதே வசனத்தால் மிரட்டுவதை என்னவென்று சொல்வது!

இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பர்மேல் குற்றச்சாட்டை ஏற்க வேண்டாம் என்பதும் அப்படித்தான் பாவிக்கப்படுகிறது. வதந்தியிலிருந்து காக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் அடுத்த வசனமே, பாவம் செய்பவரை எல்லார் முன்னிலையிலும் கண்டிக்கச் சொல்கிறது. பூட்டிய அறையில் பிள்ளைக்கு நடந்ததற்கு மூன்று சாட்சி கேட்பது பவுலின் நோக்கமாக இருந்திருக்க முடியாது. இந்த நாட்டுச் சட்டமும் அப்படிக் கேட்பதில்லை. 2022 யூன் மாத இறுதியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மதத் தலைவர்கள் 'நம்பிக்கைக்குரிய பதவி' வகிப்போராகச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். தம் பொறுப்பில் உள்ள 16, 17 வயதினருடன் அவர்கள் பாலுறவு கொள்வது, சம்மதம் இருந்தாலும், குற்றம்.

அவசரமாகப் போதகராவதும் நமக்குப் புதிய பழக்கம்தான். தரங்கம்பாடியில் 1718இல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், இந்தியாவின் முதல் புரட்டஸ்தாந்துக் குருவாக அபிஷேகம் பெற்றது 1733 டிசம்பரில். நடுவில் பதினைந்து ஆண்டுகள். அக்காலத்தில் உபதேசியாராகக் கிராமம் கிராமமாக நடந்தார். அவருடைய வாழ்க்கையை மக்கள் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைத் தலைவராக்க வேண்டாம் என்று பவுல் சொன்னதும் இதற்காகத்தான். இன்று பொப் பாடகர்போல் சுவரொட்டி அடித்து, மூன்றே ஆண்டில் 'அப்போஸ்தலர்' ஆகிவிடுகிறார்கள்.

பண விஷயத்தில் பவுலே தன்னை நம்பச் சொல்லவில்லை. எருசலேம் ஏழைகளுக்குச் சேர்த்த காணிக்கையைக் கொண்டுபோகத் தீத்துவோடு வேறு இருவரையும் அனுப்பினார். ஒருவரும் குறைசொல்ல இடம் இருக்கக்கூடாது என்று காரணத்தையும் எழுதி வைத்தார். இங்கே அதைச் செய்வது இன்னும் இலகு. பதிவுசெய்த தொண்டு நிறுவனமாக இயங்கும் சபையின் அறங்காவலர் பெயர்களையும் வரவு செலவையும் சரிட்டி கொமிசனின் பதிவேட்டில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அறங்காவலர்கள் போதகரின் மனைவியும் மைத்துனரும்தானா, காசோலையில் உறவினர் அல்லாத இருவர் கையெழுத்திடுகிறார்களா என்று கேட்கலாம். நாம் கொடுக்கும் ஒரு பவுணுக்கு கிஃப்ட் எய்ட் மூலம் அரசு 25 பென்ஸ் சேர்த்துக் கொடுக்கிறது. அதனால் அது அயலவரின் வரிப்பணமும்தான்.

பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் சபை அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும், அவர் போதகரின் வீட்டாராக இல்லாமல். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில், எந்தச் சபைப் பிரிவினரும் ஆலோசனை கேட்கக்கூடிய தேர்ட்டிவன் எய்ட் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் இருக்கிறது. பேச முடியாதவர்களுக்காக வாய் திறக்கச் சொல்லும் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்திலிருந்து வந்த பெயர் அது. உடனடி ஆபத்து என்றால் 999. போதகரிடம் அனுமதி கேட்டுவிட்டு அழைக்க வேண்டியதில்லை.