பச்சைப் பலகையும் தண்ணீர் லாரியும்

சென்னை ஓ.எம்.ஆரில் பல அலுவலக வளாகங்களின் முகப்பில் பசுமைக் கட்டடப் பலகை பளபளக்கிறது. பின்வாசலில் தண்ணீர் லாரி நிற்கிறது. இரண்டையும் தினமும் பார்க்கிற ஊழியர்களுக்கு எழும் சந்தேகங்கள் இவை.

பசுமைச் சான்று வாங்கிய கட்டடத்தில் மின்சாரம் குறைவாகத்தானே செலவாகும்?

அப்படிச் சொல்லிவிட முடியாது. புதுக் கட்டடத்துக்கான சான்று பெரும்பாலும் வரைபடத்தையும் கட்டிய விதத்தையும் பார்த்துத் தரப்படுவது. குடிவந்தபின் ராத்திரி முழுக்க விளக்கெரிந்தாலும் பலகை அங்கேயேதான் இருக்கும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2009 முதல் அலுவலகங்களுக்குத் தரும் நட்சத்திரக் குறியீடு வேறு வகை. சதுர மீட்டருக்கு ஆண்டில் எத்தனை யூனிட் உண்மையில் செலவானது என்பதே அதன் கணக்கு. என்னைக் கேட்டால், பலகையைவிட நட்சத்திரத்தை நம்புவேன்.

கழிவறை ஃப்ளஷில் வரும் தண்ணீர் மங்கலாக இருக்கிறதே?

அது வளாகத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமான எஸ்.டி.பி.யில் சுத்திகரித்த தண்ணீர். அலுவலகத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. அதில் 20 லிட்டர் ஃப்ளஷுக்கே போகிறது. அதற்கு நல்ல தண்ணீரை ஊற்றுவானேன்? லேசான மங்கலுக்குப் பயப்பட வேண்டாம். நாற்றமடித்தால் விடாதீர்கள். எஸ்.டி.பி.க்குள் காற்று செலுத்தும் புளோயரைக் கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறுத்தி வைத்திருக்கலாம்.

மறுசுழற்சி நடந்தும் லாரி ஏன் வருகிறது?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மாடியில் பெரிய விசிறியோடு நிற்கும் கூலிங் டவரைக் கவனித்திருக்கிறீர்களா? தண்ணீரால் குளிரும் மைய ஏ.சி., உள்வெப்பத்தை வெளியேற்றத் தண்ணீரை ஆவியாக்குகிறது. ஒரு டன் குளிர்ச்சிக்கு மணிக்கு ஏறத்தாழ 6 லிட்டர். ஆயிரம் டன் ஓடினால் 6,000 லிட்டர்: மணிக்கொரு சின்ன லாரித் தண்ணீர் வானத்துக்குப் போகிறது! எஸ்.டி.பி. தண்ணீரை இன்னும் வடிகட்டி, உப்பைக் குறைத்து டவருக்கு விடலாம். செலவு பிடிக்கும், ஆனால் 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஓ.எம்.ஆர். நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதை நினைத்தால் அது பெரிய செலவில்லை.

ஏ.சி.யை 24 டிகிரியில் வைப்பது கஞ்சத்தனமா?

ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். கூலிங் டவர் தண்ணீரும் மிச்சமாகும். நடுப்பகலில் சால்வை போர்த்திக்கொண்டு வேலை பார்ப்பதற்கு இது மேல்.

பிரித்துப் போட்ட குப்பையை ஒரே வண்டியில் கொட்டுகிறார்களே?

அப்படிக் கொட்டுவது தவறு. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை தரும் வளாகங்களைத் தனி வகையாக்கி, பிரித்துத் தரும் பொறுப்பை 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே சுமத்திவிட்டன. பிரிக்காத குப்பை எங்கே போய்ச் சேரும் என்பதையும் நினையுங்கள்: தென்சென்னையின் குப்பை ஆண்டுக்கணக்கில் குவிந்த பெருங்குடிக் கிடங்கு, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்தான் இருக்கிறது.

சாதாரண ஊழியரால் என்ன செய்ய முடியும்?

வளாகப் பராமரிப்பு மேலாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: போன மாதம் எத்தனை லாரி வந்தது? அந்த எண்ணிக்கையை மாதாமாதம் லிஃப்ட் பக்கத்தில் எழுதிப்போடச் சொல்லுங்கள்.