ஹவுராவில் மலைச் சைக்கிள்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பல பிள்ளைகள் இப்போது தடித்த டயர் போட்ட கியர் சைக்கிள் கேட்கிறார்கள். "மேடே இல்லாத ஹவுராவில் மலைச் சைக்கிள் எதற்கு?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. ரயில் பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இந்தச் சைக்கிளின் தாயகம் கலிபோர்னியா. 1976-ல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களில் மலை இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். 2 மைல் தூரத்தில் சுமார் 1,300 அடி இறக்கம், அதாவது ஏறக்குறைய 8-க்கு 1. ஊட்டி ரயில் பல்சக்கரம் பிடித்து ஏறும் கல்லாறு–குன்னூர் சரிவே 12-க்கு 1 தான்! பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக் சூடேறி, உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் புதுக் கிரீஸ் அடைத்ததால் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயமும் இடம்பெற்றது.

சமதரையிலும் இதற்குப் பயன் உண்டு. அகல டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் அது தரையில் பரந்து அமர்ந்து, குண்டு குழிகளைத் தானே வாங்கிக்கொள்ளும். சின்னக் கியரில் முழங்காலுக்குச் சுமை குறையும்.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. ஹவுராவின் மண் கங்கை கொண்டுவந்த வண்டல். மழையில் குழைந்த வண்டலில் டயர் போனால் பள்ளம் விழும். பள்ளத்தில் நீர் தேங்கும். அடுத்த டயர் அதை இன்னும் ஆழமாக்கும். ரயில் பாதையிலும் இதே கதைதான். தண்ணீர் தேங்கினால் ஜல்லிக்கு அடியிலிருந்து சேறு மேலே வரும். அதனால்தான் மண்மேட்டின் தலையை இருபுறமும் 30-க்கு 1 சரிவாக அமைக்கிறோம். பூங்காப் பாதைக்கும் அந்த வடிகால்தான் உயிர்.

மரத்தடியில் இன்னும் கவனம் தேவை. மண் இறுகினால் வேருக்குக் காற்றும் நீரும் எட்டாது. சிப்பூரில் 1787-ல் தொடங்கிய தாவரவியல் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தின் நடு அடிமரம் 1925-லேயே அகற்றப்பட்டுவிட்டது. விழுதுகளின் பலத்தில்தான் மரம் நிற்கிறது. 2020 அம்பன் புயலிலும் அது அடிபட்டது.

ஆகவே பிள்ளைகளுக்கு மூன்று சொல்லுங்கள். எந்தப் பூங்காவானாலும் சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்று வாயிலிலேயே கேட்கவும். போட்ட பாதையை விட்டு மரத்தடிக்குப் போக வேண்டாம். டயர் தடம் ஆழமாகப் பதிந்தால் அன்று திரும்பிவிடவும்; மண் காய்ந்தபின் போகலாம்.

இந்த ஊர் நமக்குச் சோறு போட்டது. அதன் மண்ணைக் காப்பதில் நம் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.