மனக்கவலையை உடம்பு சொல்லும்

அய்யலூர் தக்காளிச் சந்தை. பெட்டிகளை இறக்கிவிட்டு ஏலத்துக்காக நிற்கிறார் ஒரு விவசாயி. பறிப்புக் கூலி, வண்டி வாடகை, வட்டி என்று மனம் கணக்குப் போடுகிறது. கேட்ட விலை பறிப்புக் கூலிக்கே காணாது என்று தெரிந்ததும் நாக்கு வறள்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. "என்னங்க, உடம்புக்கு முடியலையா?" என்று மனைவி கேட்டால், "கேஸ் டிரபிளா இருக்கும், விடு" என்கிறார். மருத்துவரிடமும் வயிற்றைத்தான் சொல்வார். தக்காளி விலையைச் சொல்ல மாட்டார்.

உள்ளே நடப்பது என்ன?

ஆபத்து என்று மூளை உணர்ந்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் வேலையைத் தொடங்குகின்றன. அவை சுரக்கும் அட்ரினலின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டுகிறது. அவை சுரக்கும் இன்னொன்றான கார்டிசால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. வரப்பில் பாம்பைக் கண்டால் தாவி ஓட இவைதான் கைகொடுக்கின்றன. பாம்பு போனதும் உடம்பு அடங்கிவிடும். கடனும் குடும்பச் சண்டையும் அப்படிப் போவதில்லை. மாதக்கணக்கில் உடம்பு ஓட்டத்துக்குத் தயாராகவே நிற்கிறது.

ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் 1936-ல் இதன் விளைவை எலிகளிடம் கண்டார். குளிர், காயம் என எந்தத் தொல்லை தந்தாலும் அட்ரினல் சுரப்பி பெருத்தது. இரைப்பையில் புண் வந்தது.

எங்கெல்லாம் தெரியும்?

மனக்கவலை வயிற்று எரிச்சல், அடிக்கடி மலம் கழிக்கும் உணர்வு, தலைபாரம், கழுத்து இறுக்கம், மாதவிலக்குக் கோளாறு எனப் பல வடிவங்களில் வரும். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்குக் கவலையும் சேர்ந்தால் பகல் தூக்கமும் போய்விடும். சர்க்கரை நோயாளிக்கு, மாத்திரை தவறாமல் போட்டும் அளவு கட்டுக்குள் வராமல் போகலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. நெஞ்சை அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல் இருந்தால் 'கவலையால்தான்' என்று வீட்டில் இருக்காதீர்கள். உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

என்ன செய்யலாம்?

* மருத்துவரிடம் வலியோடு கவலையையும் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, அப்போது வீட்டில் என்ன நடந்தது என்பதும் நோயின் விவரம்தான்.
* தினமும் அரை மணி நேரம் நடங்கள். படுக்கும் நேரம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
* பீடியும் மதுவும் அந்த நேரத்துக்கு ஆறுதல் தரும். பிறகு தூக்கத்தையும் இதயத்தையும் கெடுக்கும்.
* அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் வீட்டுக்கு வந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள்.
* மனம் தாங்கவில்லையென்றால் 14416-க்குப் பேசுங்கள். 2022 முதல் இயங்கும் டெலி மனஸ் மனநலச் சேவை இது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

மனைவி கேட்கும்போது, "விலை விழுந்துருச்சு, பயமா இருக்கு" என்று அந்த விவசாயி சொல்லலாம். அதனால் விலை ஏறாது. ஆனால் பாரத்தைச் சுமக்க இன்னொரு தோள் கிடைக்கும். அன்றிரவு கொஞ்சமாவது தூக்கம் வரும்.